கோட்டையில் நிறைவேறியது, குன்னத்துக்கு எப்போது தெரிந்தது?

அரியலூர் மண்ணைத் தோண்டினால் சுண்ணாம்புக்கல் வரும். அந்தக் கல்லில் ஒரு டன் எடுத்தால் 160 ரூபாய் என்று 2025 ஏப்ரல் 4 முதல் தமிழக அரசு புதிதாக ஒரு வரி போடுகிறது. கனிமம் கிடக்கும் நிலத்தின் மீதான வரி அது. மாநிலம் இப்படி வரி போடலாமா என்று பல வருடம் இழுத்த வழக்கில், போடலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2024 ஜூலை 25 அன்று சொன்னது. அந்த டிசம்பரிலேயே கோட்டையில் மசோதா நிறைவேறிவிட்டது. சிமென்ட் ஆலைகளுக்குச் செய்தி உடனே போய்ச் சேர்ந்தது. மூட்டைக்கு எவ்வளவு ஏற்றலாம் என்று கணக்குப் போட ஆரம்பித்தன. குவாரிக்காரர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. வேலைநிறுத்தம் செய்து தங்கள் கல்லுக்கான விகிதத்தைக் குறைக்க வைத்தார்கள். சுரங்கக் குழியின் கரையில் வீடும் கொல்லையும் வைத்திருப்பவருக்கோ, மகனுக்கு வீடு கட்டச் சிமென்ட் வாங்கப் போகிற அன்றுதான் ஏதோ நடந்திருக்கிறது என்று தெரியவரும். அந்த ஊர்கள் எதிலாவது இந்த வரியை விளக்குவதற்கென்று ஒரு கூட்டம் நடந்ததாக என் காதுக்கு எட்டவில்லை.

சபைக்கு நாம் அனுப்பிவைக்கிற ஆள், அங்கே என்ன நடந்தது என்று திரும்பி வந்து சொல்கிறாரா? சொன்னால் எதைச் சொல்கிறார், எதை விட்டுவிடுகிறார்? பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை வைத்துக்கொண்டு இதைப் பார்ப்பது வசதி. ஊர்கள் சிறியவை, ஆனால் வந்து விழுகிற சட்டங்கள் பெரியவை.

முதலில் வரைபடம். பெரம்பலூர், குன்னம், அரியலூர், ஜெயங்கொண்டம் என்று 147 முதல் 150 வரை எண் கொண்ட நான்கு தொகுதிகள். 2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்டத்தில் 5,65,223 பேர். தமிழ்நாட்டிலேயே அப்போது மிகக் குறைந்த மக்கள்தொகை. அரியலூரில் 7,54,894 பேர். திருச்சியிலிருந்து 1995இல் பெரம்பலூர் பிரிந்தது. அதிலிருந்து 2001 ஜனவரியில் அரியலூர் பிரிந்தது. 2002 மார்ச் 31இல் மறுபடி பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டது. 2007 நவம்பர் 23இல் மறுபடியும் பிரிந்தது. மாவட்டத்தின் பெயர் ஏழு வருடத்தில் மூன்று முறை மாறிய ஊர்க்காரரிடம் அரசின் முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்று கேட்டால், மழையை மாதிரி என்பார்: வரும், போகும், யாரும் சொல்லிக்கொண்டு வருவதில்லை.

தொகுதி மறுவரையறையில் ஆண்டிமடமும் வரகூரும் மறைந்து, குன்னம் பிறந்தது. குன்னம் தொகுதியின் ஒரு பாதி பெரம்பலூர் மாவட்டம். செந்துறைப் பக்கம் அரியலூர் மாவட்டம். எம்.எல்.ஏ. ஒருவர், கலெக்டர் இரண்டு பேர். பெரம்பலூர் சட்டமன்றத் தொகுதி பெரம்பலூர் நாடாளுமன்றத் தொகுதியில் இருக்க, மற்ற மூன்றும் சிதம்பரத்தில். வேப்பூரிலிருந்து ஒருவர் மனு எழுதினால் எந்த அலுவலகம், எந்த எம்.பி. என்பதைச் சொல்லவே ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் இந்தக் கதையில் பின்னால் வரப்போகிறவர்.

செய்தி சொல்லும் மரபு இங்கே இல்லாமல் இல்லை. அண்ணா தம்பிக்கு எழுதிய கடிதங்களும், முரசொலியில் கலைஞர் உடன்பிறப்புக்கு எழுதியவையும் இந்த மண்ணின் டீக்கடைகளில் சத்தமாக வாசிக்கப்பட்டவை. சட்டசபையில் நடந்ததைக் கட்சிக்காரர்கள் மேடையில் வந்து அவிழ்த்த காலம் அது. 1956 நவம்பர் 23 விடியற்காலையில் அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலத்தில் ரயில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அடுத்த வருடத் தேர்தலில் தி.மு.க. முதல்முறையாகப் போட்டியிட்டபோது, இந்த விபத்து ஊர் ஊராக மேடையேறியது. நிர்வாகத்தின் ஒரு தவறு எப்படி நிகழ்ந்தது, யார் பொறுப்பு என்பதைப் படிக்காதவர்களும் விவாதித்தார்கள். கோஷமாகத்தான் போனது என்றாலும் விஷயம் போனது.

இன்று வழிகள் கூடியிருக்கின்றன. ஊருக்குள் பறையடித்துச் சொல்லும் தண்டோராவைக் கைவிடும்படி 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலர் மாவட்டங்களுக்கு எழுதினார். சாதியின் பெயரால் ஒருவர் முதுகில் ஏற்றிய வேலை அது, போனது நல்லது. இப்போது ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ வருகிறது. வாட்ஸ்ஆப் குழு இல்லாத வார்டு இல்லை. ஆனால் எம்.எல்.ஏ.வை மக்கள் நேரில் பார்ப்பது பெரும்பாலும் மூன்று இடங்களில்: கல்யாண மண்டபம், சாவு வீடு, பூமி பூஜை. முதல் இரண்டிலும் பேச நேரமில்லை. மூன்றாவதில் பேசுவார், பேசுவது கட்டப்போகும் நிழற்குடையைப் பற்றி.

இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. தொகுதி மேம்பாட்டு நிதி வருடத்துக்கு மூன்று கோடி ரூபாய். அது எந்த ஊருக்குப் போனது என்பது மக்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம்தான், கல்வெட்டில் பெயரோடு தெரியவும் வருகிறது. 2022 ஆகஸ்டில் முதலமைச்சர் 234 உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதி, தொகுதியின் முக்கியமான பத்துக் கோரிக்கைகளைக் கலெக்டரிடம் கொடுக்கச் சொன்னார். நல்ல ஏற்பாடு. அந்தப் பத்தும் எவை, பதினோராவதாக நின்றுபோனது எது என்பதை வாக்காளரிடம் கேட்டு எழுதியிருந்தால் அதுவே பெரிய அரசியல் பாடமாக இருந்திருக்கும். எப்படியானாலும் பாலம், சாலை, பள்ளிக் கட்டடம் ஆகியவற்றின் செய்தி ஊருக்கு வந்துவிடுகிறது. வராமல் நிற்பது சட்டத்தின் செய்தி. எம்.எல்.ஏ. என்ற மூன்றெழுத்தில் சட்டம் இருக்கிறது, பாலம் இல்லை.

ஏன் வருவதில்லை? வேகம் ஒரு காரணம். 2023 ஏப்ரல் 21, கூட்டத்தொடரின் கடைசி நாள். தொழிற்சாலைகள் சட்டத்தில் திருத்தம் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. ஒரு நாள் வேலை 12 மணி நேரம் வரை போகலாம் என்ற வாசலைத் திறந்த திருத்தம். கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. அதே நாளில், சிறப்புத் திட்டங்களுக்கு நிலங்களை ஒருங்கிணைக்கும் சட்டமும் நிறைவேறியது. நீர்நிலைகள் அடங்கிய நிலத்தையும் திட்டத்துக்குள் கொண்டுவர வழி செய்வது. முதல் மசோதாவைத் தொழிற்சங்கங்கள் எடுத்துக்கொண்டன. மூன்றே நாளில், ஏப்ரல் 24 அன்று, அது நிறுத்திவைக்கப்பட்டது. மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். இரண்டாவதற்கு அப்படிச் சங்கம் இல்லை, விவசாய அமைப்புகளின் எதிர்ப்போடு நின்றது, சட்டமாகிவிட்டது. யாருக்குச் செய்தி சொல்ல ஆள் இருந்ததோ அவர்கள் தப்பினார்கள்.

இந்த இரண்டும் பெரம்பலூருக்குத் தூரத்துச் செய்திகள் அல்ல. எறையூர் சிப்காட்டை 2022 நவம்பரில்தான் திறந்தார்கள். காலணி ஆலை வந்தது, சுற்று ஊர்ப் பெண்கள் வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். வேலை நேரச் சட்டம் அவர்கள் வீட்டு உலை எப்போது கொதிக்கும் என்பதை மாற்றக்கூடியது. நிலச் சட்டமோ, சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கென்று நிலம் கொடுத்துவிட்டு ஆலை வருமென்று காத்திருந்த திருமாந்துறை வட்டாரத்துக்கும், பழுப்பு நிலக்கரி மின் திட்டத்துக்கென்று 1990களில் நிலம் எடுக்கப்பட்டு, திட்டம் வராமல் கோர்ட்டுக்கும் வீட்டுக்கும் அலைந்த ஜெயங்கொண்டம் ஊர்களுக்கும் நேரடியான விஷயம். நிலம் எடுக்கும் சட்டத்தின் ஒவ்வொரு பிரிவையும் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் அந்த ஊர்க்காரர்கள். அவர்களிடம் புது மசோதாவை முன்கூட்டியே காட்டியிருந்தால், சபையில் வராத கேள்விகள் வந்திருக்கும்.

இன்னொரு காரணம் கட்சிக் கொறடா. 1985இல் அரசியலமைப்பில் பத்தாவது அட்டவணை வந்தபிறகு, கட்சி சொன்னதற்கு மாறாக ஓட்டுப் போட்டால் பதவி போகும். தான் தீர்மானிக்காத ஒரு மசோதாவை ஊரில் வந்து விளக்க எந்த உறுப்பினருக்கும் உற்சாகம் வராது. விளக்கப் போய் ஒரு கிழவி குறுக்குக் கேள்வி கேட்டால், கட்சி நிலைப்பாட்டைத் தாண்டி ஒரு வார்த்தை சொல்ல முடியாது. ஆளுங்கட்சிக்காரர் அரசு அறிவிப்பை வாசிக்கிறார், எதிர்க்கட்சிக்காரர் அரசைத் திட்டுகிறார். இரண்டிலும் மசோதாவில் என்ன இருக்கிறது என்பது வருவதில்லை. இந்த இரண்டு மாவட்டங்களில் இன்னொரு கூடுதல் சிக்கல்: 2016இல் நான்கு தொகுதிகளையும் ஆளும் அ.தி.மு.க. வென்றது, 2021இல் நான்கையும் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அணி வென்றது. 2011இல் மட்டும் குன்னத்தில் தி.மு.க.வும் ஜெயங்கொண்டத்தில் பா.ம.க.வும் எதிர்வரிசையில் உட்கார்ந்தன. 2016 முதல் பத்து வருடம், இந்தச் சீமையிலிருந்து சபைக்குப் போனவர்களில் கேள்வி கேட்பதையே பிழைப்பாகக் கொள்ள வேண்டிய நிலையில் ஒருவர்கூட இல்லை.

அந்தக் குன்னம் உறுப்பினர் எஸ்.எஸ்.சிவசங்கர் எழுத்துப் பழக்கம் உள்ளவர். 2006இல் ஆண்டிமடத்தில், பிறகு 2011இலும் 2021இலும் குன்னத்தில் வென்றவர். தொகுதி மனிதர்களைப் பற்றியும் சபை அனுபவங்களைப் பற்றியும் தமிழில் எழுதிவந்தவர். இப்படி எழுதும் உறுப்பினர்கள் நம்மிடம் குறைவு. ஆனால் 2021இல் அவர் அமைச்சரானார். பிற்படுத்தப்பட்டோர் நலம், பிறகு போக்குவரத்து, 2025 ஏப்ரலில் மின்சாரமும் சேர்ந்தது. அமைச்சரான உறுப்பினர் கேள்வி நேரத்தில் தன் தொகுதிக்காக எழுந்து நின்று கேட்பதில்லை. பதில் சொல்லும் வரிசைக்குப் போய்விடுகிறார். தொகுதிக்குப் பெருமை, சலுகையும் கிடைக்கலாம். கேட்கிற வாய் ஒன்று குறைந்தது குறைந்ததுதான். எழுத்தும் சரி, கேள்வியும் சரி, ஆளின் சுபாவத்தைச் சார்ந்து இருக்கிறவரை இப்படித்தான் ஆகும்.

சட்டத்தின் செய்தி ஊருக்கு வராததற்கு இந்தப் பகுதி கொடுத்த விலையைச் சொல்லாமல் இந்தக் கேள்வியைப் பேச முடியாது. மருத்துவச் சேர்க்கைக்கு நீட் தேர்விலிருந்து விலக்குக் கேட்டு, 2017 பிப்ரவரி 1 அன்று தமிழகச் சட்டமன்றம் இரண்டு மசோதாக்களை எதிர்ப்பின்றி நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஒப்புதலுக்கு அவை டெல்லி போயின. விலக்கு வந்துவிடும் என்ற பேச்சு ஆகஸ்ட் வரை நீடித்தது. ஆகஸ்ட் 22 அன்று, நீட் அடிப்படையிலேயே சேர்க்கை நடத்தும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த வழக்கில் தன்னையும் சேர்த்துக்கொண்டவர், பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 எடுத்த மாணவி அனிதா. செந்துறை அருகே குழுமூரைச் சேர்ந்தவர். செப்டம்பர் 1 அன்று அவர் இறந்தார்.

நான் சொல்லவருவது அதற்குப் பிறகு நடந்ததை. மசோதாக்களின் கதி என்ன என்று பெற்றோர்கள் கேட்டார்கள், கட்சிகள் கேட்டன, சபையிலும் பேச்சு எழுந்தது. நிலுவையில் இருக்கிறது என்றே ஊர் நம்பியது. 2019 ஜூலையில், சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கில், மத்திய உள்துறை பதில் சொன்னது: 2017 செப்டம்பர் 18 அன்றே குடியரசுத் தலைவர் ஒப்புதலை நிறுத்திவைத்துவிட்டார், 22ஆம் தேதி மசோதாக்கள் மாநிலத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டுவிட்டன. ஏறக்குறைய இரண்டு வருடம். அதற்குள் இரண்டு வருடத்துப் பிள்ளைகள் பள்ளிப் படிப்பை முடித்து, விலக்கு வருமா வராதா என்று தெரியாமலேயே தேர்வு எழுதியிருந்தார்கள். குழுமூர் எந்தத் தொகுதியோ அந்தக் குன்னத்தின் உறுப்பினருக்கே இது தெரியாதிருந்தால், ஊருக்கு அவர் எதைச் சொல்லியிருக்க முடியும்? சபை தான் நிறைவேற்றிய மசோதாவைத் தேடிப்போய் விசாரிக்கும் பழக்கம் இல்லாத இடத்தில், உறுப்பினர் ஊருக்குச் செய்தி கொண்டுவருவார் என்று எதிர்பார்ப்பது அதிகம்.

இரண்டாவது முறை கொஞ்சம் மாறியது. 2021 செப்டம்பர் 13இல் நிறைவேறிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2022 பிப்ரவரி 8இல் சபை மறுபடி நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுத்ததை 2025 ஏப்ரல் 4 அன்று முதலமைச்சரே சபையில் அறிவித்தார். முடிவு பழையபடிதான். ஆனால் சபை வழியாகவே ஊருக்குத் தெரிந்தது. மாணவர்கள் எதை நம்பிப் படிக்க வேண்டும் என்று தீர்மானிக்க அது போதும். (சுண்ணாம்புக்கல் வரி நடைமுறைக்கு வந்ததும் அதே ஏப்ரல் 4 தான். அரியலூருக்கு ஒரே நாளில் இரண்டு தபால்.)

சொல்வதற்குச் சரக்கு இல்லை என்று எந்த உறுப்பினரும் தப்பிக்க முடியாது. மானியக் கோரிக்கை வரும்போது ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒரு புத்தகம் தருகிறது. தமிழில், படங்களோடு, கணக்குகளோடு. மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகிற பெரம்பலூர்க்காரருக்கு வேளாண் துறைக் குறிப்பு ஒரு வருடத்துக்கான வாசிப்பு. மசோதாக்கள் தமிழிலும் அரசிதழில் வருகின்றன. 1956இன் ஆட்சிமொழிச் சட்டம் கொடுத்த வரம் அது. 2022 ஜனவரி 6 முதல் கேள்வி நேரம் நேரலையாக வருகிறது. அதற்கு முன்னால் நீதிமன்றம் வரை போய்ப் பல வருடம் கேட்டுப் பார்த்தார்கள். கேள்வி நேரத்தோடு நின்றுவிடுகிறது, நாங்கள் பேசும்போது காட்டுவதில்லை என்று எதிர்க்கட்சிகள் குறை சொல்வதில் நியாயம் உண்டு. மசோதா மீதான விவாதம்தான் ஊருக்கு அதிகம் தேவைப்படுவது. சட்டமன்ற விதி 110இன் கீழ் முதலமைச்சர் அறிக்கை வாசித்தால் அதன்மீது விவாதமே கிடையாது. ஜெயலலிதா காலத்தில் அந்த விதியின் எண்ணே டீக்கடைச் சொல்லாகிவிட்டது. விவாதம் இல்லாத அறிவிப்பு ஊருக்கு வேகமாக வருகிறது, விவாதம் உள்ள மசோதா வருவதில்லை என்பது நம் ஊர் விசித்திரம்.

காசு? 2017இல் உறுப்பினரின் மாத வருமானம் 55,000இலிருந்து 1,05,000 ரூபாய் ஆனது. அதைப் பிரித்துப் பார்த்தால் தொகுதிப் படி 25,000, வாகனப் படி 25,000, தொலைபேசிப் படி 7,500. அஞ்சல் படி 2,500. குன்னம் மாதிரி ஒரு தொகுதியில் வாக்காளர்கள் இரண்டரை லட்சத்துக்குக் குறையாது. ஓட்டுப் போட்ட ஆளுக்குக் கடிதம் எழுத அரசு ஒதுக்குவது தலைக்கு மாதம் ஒரு பைசா. பிரிட்டனில் 2007இல் எம்.பி.க்களுக்குச் செய்தித் தொடர்புக்கென்றே வருடம் 10,000 பவுண்டு கொடுத்துப் பார்த்தார்கள். சுயவிளம்பரமாகிறது என்று 2010இல் நிறுத்தினார்கள். அமெரிக்காவில் உறுப்பினரின் கையெழுத்தே தபால் தலை, ஆனால் தேர்தல் நெருங்கினால் மொத்தமாகக் கடிதம் அனுப்பத் தடை. பொதுப்பணத்தில் செய்தி சொன்னால் படம் பெரிதாகிச் செய்தி சிறிதாகும் என்ற பயம் எல்லா ஊரிலும் உண்டு. நம் ஊர் ஃப்ளெக்ஸைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டாம். இருந்தாலும் ஒரு பைசா கொஞ்சம் குறைவு.

காசையும் கொறடாவையும் விட ஆழமான தடை ஒன்று இருக்கிறது என்று நினைக்கிறேன். முதியோர் உதவித்தொகைக்கு என்ன தகுதி, பட்டா மாற எத்தனை நாள், எந்தத் திட்டத்தில் எவ்வளவு மானியம் என்ற செய்தி ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டால், அதைத் தெரிந்துவைத்திருக்கும் ஆளுக்கு மதிப்பு போய்விடும். கிளைச் செயலாளரிலிருந்து ஒன்றியச் செயலாளர் வரை நீள்கிற சங்கிலியின் பலமே, 'அண்ணன்கிட்ட சொல்லி முடிச்சுத் தர்றேன்' என்ற ஒரு வாக்கியம். உரிமையாகக் கிடைக்க வேண்டியது சிபாரிசாகக் கிடைக்கிறது, வாங்கினவர் கடன்பட்டவர் ஆகிறார். எம்.எல்.ஏ. அலுவலகத்திலேயே இ-சேவை மையம் வைத்தது இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியை லேசாக அறுக்கும், முழுதும் அறுக்காது. சட்டம் சொல்லிக்கொடுக்கிற உறுப்பினர் தன் ஆட்களின் பிழைப்பில் கை வைக்கிறார். அதனால்தான் நல்லவர்களும் அதைத் தள்ளிப்போடுகிறார்கள்.

இந்தச் சங்கிலியைத் தாண்டிச் செய்தி சொல்ல ஓர் இடம் உண்டு, கிராம சபை. பெரம்பலூரின் 121 ஊராட்சிகளுக்கும் அரியலூரின் 201 ஊராட்சிகளுக்கும் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்தது. பிறகு தனி அலுவலர்கள் வந்தார்கள். தலைவரும் வார்டு உறுப்பினரும் இல்லாத ஊரில், மக்கள் ஓட்டுப் போட்டு வந்தவர் என்று சொல்ல எம்.எல்.ஏ.வும் எம்.பி.யும்தான் மிச்சம். கிராம சபை மட்டும் நடக்க வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1.

அரியலூரில் அந்தச் சபைகளுக்குக் கொண்டுபோக ஒரு காகிதம் தயாராகவே இருக்கிறது. சுரங்கம் நடத்துகிறவர் அரசுக்குக் கட்டும் உரிமத்தொகையோடு, பழைய குத்தகை என்றால் அதில் 30 சதவீதமும், 2015க்குப் பின் ஏலத்தில் எடுத்தது என்றால் 10 சதவீதமும் மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குக் கட்ட வேண்டும். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களின் குடிநீர், சுகாதாரம், பள்ளிக்கென்று ஏற்பட்ட பணம் அது. 2021 ஏப்ரலில் மத்திய அரசு போட்ட உத்தரவுப்படி எம்.எல்.ஏ.க்களும் அதன் ஆட்சிக்குழுவில் உறுப்பினர்கள். எவ்வளவு வந்தது, எந்த ஊருக்குப் போனது என்ற கணக்கு அவர்கள் முன்னால் வைக்கப்படுகிறது. புதுச் சுரங்கத்துக்குக் கருத்துக்கேட்பு நடத்தும்போதும் முப்பது நாள் முன்னால் அறிவிப்பும், திட்டச் சுருக்கம் தமிழிலும் வைத்தாக வேண்டும். மேசையில் கலெக்டர் உட்கார்ந்திருப்பார், எதிரே மைக்கைப் பிடிக்கிறவருக்கு அந்தச் சுருக்கத்தை யாராவது முந்தின வாரம் வாசித்துக் காட்டியிருந்தால் கூட்டத்தின் சத்தம் வேறு மாதிரி இருக்கும்.

கிராம சபையில் ஓட்டுரிமை உள்ளவர் அந்த ஊர் வாக்காளர் மட்டும். எம்.எல்.ஏ. மற்ற ஊர்களுக்கு விருந்தாளிதான். ஆனால் ஏதாவது ஓர் ஊராட்சியில் அவருக்கும் ஓட்டு இருக்குமானால், அங்கே அவர் விருந்தாளி இல்லை, சபை உறுப்பினர். சபை கூடும் நாளில் மாலை மரியாதை இல்லாமல் வந்து, நூறு நாள் வேலைக்காரப் பெண்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கனிம நிதிக் கணக்கில் தன் ஒன்றியத்துக்கான பக்கத்தை வாசிக்க, கொறடாவின் அனுமதி தேவையில்லை.